பதினேழாம் சீட்டின் எழுபத்திரண்டு பதில்கள்

1. ஒரு பெட்டி, முப்பது மெஷின்

எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குச் சர்வர் வந்த அன்று அதைப் பார்க்க முதலாளியின் அப்பாவும் மாடி ஏறி வந்தார். இரும்புலியூரில் அந்தக் கட்டடம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர் நெல் போட்ட நிலம். ஏசி அறைக்குள் நுழைந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்.

“இன்னாடா, முப்பது கம்ப்யூட்டர் வாங்கறேன்னு சொல்லிகினு போன. ஒரு பொட்டிதான் கீது?”

“இதுக்குள்ளயே முப்பது இருக்குப்பா.”

“உள்ள கீதா? தொறந்து காட்டு.”

சர்வரைப் பொருத்த வந்திருந்த இன்ஜினியர் சிரித்துவிட்டார். “ஐயா, ஒரு மெஷின்ல ஒரு ஓஎஸ்தான் ஓடணும்னு இல்லீங்க. இதுக்குள்ள முப்பது ஓஎஸ் தனித்தனியா ஓடும். வெளிய ஹால்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும். ஒருத்தருது கெட்டா இன்னொருத்தருக்கு ஒண்ணும் ஆகாது.”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “ஒரே நெலத்துல முப்பது பேரு ஏர் ஓட்டறான். ஒருத்தன் மாடு இன்னொருத்தன் மேல இடிக்காது. அதான?”

“கரெக்டுங்க.”

“நெலத்துக்கே தண்ணி இல்லன்னா?”

“முப்பது பேரும் காலிங்க.”

“அப்ப சரி” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இந்த வேலையை விளக்கியதில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. படிப்பு பிளஸ் டூ வரைதான். சென்டரில் முதலில் என்னை ரிசப்ஷனில்தான் உட்கார வைத்தார்கள். போன் அடித்தால் எடுக்கத் தயங்குவேன். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. இரண்டு மாதத்தில் முதலாளி மணிவண்ணன் சாருக்கு அலுத்துவிட்டது. “ஸ்டெல்லாம்மா, நீங்க உள்ள போய் சர்வர் ரூமைப் பாத்துக்கோங்க. அதுங்ககிட்ட பேசவே வேண்டியதில்ல” என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இன்ஜினியர் மூன்று நாள் இருந்து சொல்லிக்கொடுத்தார். எண்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டேன். அந்தப் பெரிய பெட்டிக்குப் பெயர் ஹோஸ்ட். அதற்குள் ஓடுகிற முப்பதுக்கும் விஎம் என்று பெயர். நாங்கள் மெஷின் என்றே சொல்வோம். ஹாலில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மௌஸ், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டியில் எதுவும் இல்லை. உள்ளே ஓடுவதைப் படமாக வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். அதன் முன்பக்கப் பொத்தானை அமுக்கினால் படம் போய்விடும். உள்ளே மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப அமுக்கினால் விட்ட இடத்திலேயே படம் வரும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

2. கழுவுவது

சர்வர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அதன் பின்னால் என் மேஜை. என் திரையில் முப்பது மெஷினும் வரிசையாக இருக்கும். எது ஓடுகிறது, எது நின்றிருக்கிறது எல்லாம் தெரியும்.

டேலி, டைப்பிங், டிடிபி படிக்க வருகிறவர்கள் நாள் முழுக்க மெஷினில் எதையாவது செய்து வைப்பார்கள். பின்னணிப் படத்தை மாற்றுவார்கள், கண்டதை இறக்குவார்கள், வைரஸ் கொண்டுவருவார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. மெஷின் நன்றாக இருக்கும்போதே அதன் நிலையை அப்படியே பதிந்து வைக்கலாம். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். எப்போது வேண்டுமானாலும் அந்த நிலைக்குத் திருப்பிவிடலாம். திருப்பினால், பதிந்த பிறகு அந்த மெஷினில் நடந்த எதுவும் மிஞ்சாது. மெஷினைப் பொறுத்தவரை அந்த நாள் நடக்கவே இல்லை.

எங்கள் சென்டரில் இதற்குக் கழுவுவது என்று பெயர் வைத்துவிட்டோம். சாயந்திரம் ஹாலைப் பெருக்குகிற நேரத்தில் நான் முப்பது மெஷினையும் கழுவிவிடுவேன். “உங்கள் வேலையைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் கழுவப்படும்” என்று சுவரில் ஒட்டியிருந்தோம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “ஸ்டெல்லாக்கா, சோப்பு போட்டா, வெறும் தண்ணியா?” என்று கேட்பார்கள்.

பகலில் ஏதாவது ஒரு மெஷின் நின்றுபோனாலும் நான் கழுவிவிடுவேன். அணைத்துப் போட்டால் எழுந்து வர ஐந்தாறு நிமிடம் ஆகும். கழுவினால் இருபது விநாடி. இன்னொரு காரணமும் உண்டு, இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அணைத்துப் போடுவதற்கு முன்னால் சீட்டுக்குப் போய், “என்ன செஞ்சுகிட்டிருந்தீங்க, சேவ் பண்ணீங்களா?” என்று கேட்க வேண்டும். கழுவுவதென்றால் எழுந்திருக்கவே வேண்டாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே இரண்டு தட்டு. அங்கே கை தூக்கியவர் முகம் தெளிந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

எட்டு வருடம் இப்படித்தான் செய்தேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மெஷின் நின்றால் கழுவு, கேட்காதே, கழுவு. வேலையில் பழகிய கை எவ்வளவு உதவுமோ அவ்வளவு ஆபத்து என்பது எனக்கு அப்போது தெரியாது.

3. ஞாயிற்றுக்கிழமை

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலைத் தேர்வுகளுக்கு விட ஆரம்பித்தார் மணிவண்ணன் சார். நான் சொல்லப்போவது ஒரு எழுத்தர் வேலைக்கான தேர்வு. நூறு கேள்வி, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. தேர்வை நடத்திய ஏஜென்சியிலிருந்து தினேஷ் என்றொருவர் சனிக்கிழமையே வந்து, முப்பது மெஷினிலும் தங்கள் புரோகிராமைப் போட்டார். போட்டு முடித்ததும் நான் எல்லாவற்றையும் புதிதாக ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தேன்.

“மேடம், ஒரே விஷயம்” என்றார் தினேஷ். “கேண்டிடேட் போடுற ஒவ்வொரு பதிலும் அந்தந்த மெஷின்லயே சேவ் ஆகும். கடைசியா சப்மிட் கொடுத்தாதான் எங்களுக்கு வரும். எதாவது ஹேங் ஆச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. விட்ட கேள்வியிலேர்ந்து வரும். வேற எதுவும் செய்யாதீங்க.”

தலையாட்டினேன். ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்தேன்.

ஞாயிறு காலை வாசலில் நுழைவுச் சீட்டு சரிபார்க்க ஆள் போதவில்லை என்று என்னையும் நிற்க வைத்தார்கள். வரிசையில் பதினேழாம் எண்ணுக்கு வந்தவர் பரமேஸ்வரி. நீலப் பருத்திப் புடவை, நெற்றியில் குன்றத்தூர் கோயில் விபூதி. அடையாள அட்டையை நான் பார்ப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஃபோட்டோல குண்டா இருப்பேன்க்கா, நான்தான். கீழ்க்கட்டளைலேர்ந்து வரேன். தாம்பரத்துல துணிக்கடையில நிக்கிறேன். போன தடவை மூணு மார்க்குல போச்சு. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், எழுத முடியாது. இதான் கடைசி.”

“நல்லா எழுதுங்க” என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. சீட்டு நம்பரை மட்டும் காட்டினேன். அவர் அதற்கும் சிரித்துவிட்டுப் போனார். வாசலுக்கு வெளியே அவர் கணவர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்.

தேர்வு ஆரம்பித்து முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மெஷின் நின்றன. தினேஷ் சொன்னபடி அணைத்துப் போட்டேன். விட்ட கேள்வியிலிருந்து வந்தது. ஆனால் இரண்டாவது மெஷின் எழுந்து வர ஆறு நிமிடம் பிடித்ததில், அந்தச் சீட்டில் இருந்தவர் எழுந்து நின்று சத்தம் போட்டார். “என் டைமுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?” என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தே கேட்டார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பதினொன்று பதினாறுக்குப் பதினேழாம் சீட்டில் கை உயர்ந்தது. தினேஷ் ஹாலிலிருந்தே, “மேடம், செவன்டீன்! சீக்கிரம்!” என்றார்.

என் கை இரண்டு தட்டு தட்டியது. இருபது விநாடி. பதினேழு உயிர் வந்து எழுந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம்தான் ஓரத்தில் ஒட்டிய தாளைப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரமேஸ்வரி தன் எண்ணைத் திரும்ப அடித்து உள்ளே போனார். திரையைப் பார்த்தார். மௌஸை உருட்டினார். திரும்பி யாரையோ தேடினார். என்னைத்தான்.

நான் எழுந்து போனபோது தினேஷும் வந்துவிட்டார்.

“அக்கா, எழுபத்திரண்டு போட்டிருந்தேன். ஒண்ணுமே இல்ல. முதல் கேள்வி காட்டுது. நான் எழுதினதெல்லாம் எங்க போச்சு?”

தினேஷ் என்னைப் பார்த்தார். “சிஸ்டம்ல என்ன ஆச்சு மேடம்?”

நான் பேசவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று எழுதலாம். உண்மையில் எதுவும் அடைக்கவில்லை. பேசினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இருந்தது.

“சார், டைம் குடுப்பீங்களா?” என்றார் பரமேஸ்வரி.

“பன்னெண்டு மணிக்கு எல்லாருக்கும் ஒண்ணாதான் க்ளோஸ் ஆகும் மேடம். இப்ப பேசற நேரம் கூட வேஸ்ட். முதல்லேர்ந்து போடுங்க, ப்ளீஸ்.”

அவர் போட ஆரம்பித்தார். அறைக்குத் திரும்பி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறங்கையால் கண்ணைத் துடைப்பார், உடனே மௌஸைப் பிடிப்பார். பன்னிரண்டு மணிக்குத் திரை தானாக மூடிக்கொண்டபோது ஐம்பத்தோரு கேள்விதான் முடிந்திருந்தது.

4. படிவம்

தேர்வில் எது நடந்தாலும் ஏஜென்சிக்கு ஒரு படிவம் எழுத வேண்டும். சீட்டு எண், நேரம், என்ன நடந்தது, யாரால் நடந்தது. ‘மையத்தால்’ என்று எழுதினால் அந்தத் தேர்வருக்கு அடுத்த ஞாயிறு மறுதேர்வு கிடைக்கும். ‘தேர்வரால்’ என்றால் எழுதியது எழுதியதுதான். பரமேஸ்வரிக்கு இனி எல்லாமே அந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

ரிசப்ஷன் மேஜையில் வைத்து எழுதினார்கள். மணிவண்ணன் சாருக்கு அப்போது எதுவும் தெரியாது. அவர் இயல்பாகவே சொன்னார்.

“பவர் பட்டன் முன்னாடிதான இருக்கு. கை பட்டிருக்கும். சேவ் ஆகிற நேரத்துல அணைஞ்சிருந்தா பதிலும் போயிருக்கும். பதட்டத்துல அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. போன மாசம் டேலி பசங்க ரெண்டு பேரு இப்படித்தான் அமுக்கிட்டு முழிச்சாங்க.”

“அப்படியா மேடம்?” என்று தினேஷ் என்னிடம் கேட்டார்.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது என் வழக்கம் என்று மணிவண்ணன் சாருக்குத் தெரியும். “அவங்க எப்பவும் அப்படித்தான், ஒரு வார்த்தை வாங்க முடியாது” என்று சிரித்தார். தினேஷ், ‘தேர்வர் கை பட்டு மின்பொத்தான் அணைந்தது’ என்று எழுதினார். அவர் கையெழுத்து, முதலாளி கையெழுத்து, கீழே சிஸ்டம் பொறுப்பாளர் கையெழுத்து.

போட்டேன். வழக்கத்தைவிடச் சின்னதாக விழுந்தது.

திங்கட்கிழமை காலை மணிவண்ணன் சார் தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். இரவெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகளில் பாதிதான் வந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நேத்து பன்னெண்டரைக்கு சொல்லியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும் ஸ்டெல்லாம்மா. சென்டர் தப்புன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். ஒரு திட்டு விழும், அவ்ளோதான். இன்னிக்குப் போய் மாத்துங்கன்னு சொன்னா நான் பொய்க் கையெழுத்து போட்டவன் ஆயிடுவேன். அப்புறம் எவன் நமக்கு எக்ஸாம் குடுப்பான்? இங்க வேலை பாக்கற எட்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“இல்ல சார், அந்த அம்மா...”

“ஐம்பத்தொண்ணு போட்டாங்கல்ல? பாஸ் ஆவாங்க. விடுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. அதனால்தான் என்னால் இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

5. கை எங்கே இருந்தது

புதன்கிழமை மத்தியானம் பரமேஸ்வரி வந்தார். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி கேட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். ஏஜென்சிக்குப் போன் செய்ததில் படிவத்தில் இருப்பதை அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

“சார், பதினேழாம் சீட்டை ஒரு தடவை பாக்கலாமா?” என்று மணிவண்ணன் சாரிடம் கேட்டார். அவர் என்னைக் காட்டினார். நான் கூட்டிப் போனேன்.

ஹாலில் டேலி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினேழு காலியாக இருந்தது. அவர் உட்கார்ந்து, நாற்காலியை முன்னால் இழுத்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார்.

“இந்தக் கை மௌஸ்ல. இந்தக் கையில பேனா, கணக்குப் போட தாளு இங்க இருந்துது. கர்சீப் மடியில. இந்தப் பட்டனுக்கு எப்படிக்கா கை போகும்?” கையை மெதுவாக நீட்டிப் பார்த்தார். விரல் பொத்தானைத் தொட்டது. “தாளைத் திருப்பும்போது பட்டிருக்குமோ?”

அந்தப் பொத்தானை அமுக்கினால் படம்தான் போகும், பதில் போகாது. பத்து விநாடியில் அமுக்கிக் காட்டியிருக்கலாம். அமுக்கி, திரும்ப அமுக்கி, “பாருங்க, விட்ட இடத்துலயே வருது. நீங்க தொட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது” என்று சொல்லியிருக்கலாம். அந்த ஹாலில் அது தெரிந்த ஒரே ஆள் நான். என் கை தாவணி காலத்துப் பெண் மாதிரி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

“பட்டிருக்கலாம்” என்றேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். அதுவரை பேசாமல் இருந்தது வேறு. இது நானே வாயைத் திறந்து சொன்னது.

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானையே பார்த்தார். “எங்க வூட்டுக்காரரு அன்னிக்கே சொன்னாரு. உனக்குக் கை சும்மாவே இருக்காது, எதையாவது நோண்டியிருப்பன்னு. நான்தான் சண்டை போட்டேன். மூணு நாளா பேசல அவருகிட்ட.” எழுந்துகொண்டார். “பாவம், சரியாத்தான் சொல்லியிருக்காரு. நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, உங்களை வேற அலைக்கழிச்சிட்டேன்.”

படியிறங்கும்போது என்னிடம் மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் போனார்.

6. பதினான்கு நாள்

அடுத்த ஞாயிறு மறுதேர்வு எங்கள் ஹாலிலேயே நடந்தது. மற்ற சென்டர்களில் கரண்ட் போனவர்கள், மெஷின் நின்றவர்கள் என்று ஒன்பது பேர். பதினேழாம் சீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்தார். அவருக்காக அந்த மெஷினை நானே கழுவித் தயார் செய்தேன். அவர் நூறு கேள்வியும் முடித்து, கால் மணி நேரம் மிச்சம் வைத்து, தண்ணீர் குடித்தார்.

இதற்குள் உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்: நடந்தது எங்கேயும் பதிவாகியிருக்காதா என்று. பதிவாகியிருக்கும். மெஷினைக் கழுவினால் மெஷினுக்குள் இருப்பதுதான் போகும். கழுவிய செய்தி ஹோஸ்டில் இருக்கும். எந்த நேரம், எந்த மெஷின், என்ன செய்யப்பட்டது, யார் செய்தது என்று வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அந்த லாக் பதினான்கு நாளுக்கு மட்டும்தான். அதற்கு மேல் பழைய வரிகள் தானாக அழிந்து புதியது ஏறும்.

தினமும் காலையில் வந்ததும் அந்த வரியைத் திறந்து பார்ப்பேன். பதினொன்று பதினாறு, பதினேழு, ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பப்பட்டது, ஸ்டெல்லா. ஒவ்வொரு நாளும் அது பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனது. பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, அது கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தது. ஞாயிறு கழிந்தால் போய்விடும். அதன் பிறகு, பதினேழாம் மெஷினின் எழுபத்திரண்டு பதில்களை அழித்தது நான்தான் என்பதற்கு உலகத்தில் என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது. நானோ யாரிடமும் பேசாதவள்.

இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்றை மணிவண்ணன் சார் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார்.

“குடுக்கப் போறீங்களா?”

“ஆமா சார்.”

“ஏஜென்சிக்குமா?”

“ஆமா.”

அவர் தாளை மடித்து டிராயரில் போட்டார். “குடுத்துட்டு வந்து வேலையைப் பாருங்க. எங்கிட்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க.”

தினேஷுக்குப் போன் செய்தேன். எட்டு வருடத்தில் நானாக எடுத்துச் செய்த முதல் போன் அதுவாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“மேடம், அன்னிக்கு நான் உங்களைத்தான கேட்டேன்? ரெண்டு தடவை கேட்டேன்.”

“ஆமா தம்பி.”

“ரீடெஸ்ட் முடிஞ்சிருச்சு. ஃபைல் மேல போயிருச்சு. இனிமே திறக்க மாட்டாங்க. நான் லெட்டர் வேணா ஃபார்வர்ட் பண்றேன். ஆனா ஹோப் குடுத்துடாதீங்க அவங்களுக்கு.”

7. துணிக்கடை

சனிக்கிழமை மாலை தாம்பரம் மார்க்கெட் தெருவில் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். முதல் மாடியில் புடவைப் பிரிவு. பரமேஸ்வரி விரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அக்கா! புடவையா? வாங்க, உக்காருங்க. உங்களுக்கு பச்சை நல்லா இருக்கும்.”

தாளை நீட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது நேரம். இது உங்கள் மெஷின். இது நான் செய்தது. இது என் பெயர். அந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் போகாது என்பதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்.

அவர் மடித்துக்கொண்டிருந்த புடவை பாதியில் நின்றது.

“அப்ப நான் தொடல.”

“இல்லீங்க. நீங்க தொடல.”

“தொடல” என்று இன்னொரு முறை சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு கேட்டார். “ரீடெஸ்ட் எப்பக்கா?”

“முடிஞ்சிருச்சு. போன ஞாயித்துக்கிழமை.”

“அன்னிக்கு புதன்கிழமை நான் வந்தேனே. அப்பவும் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் அந்தப் புடவையை முழுவதும் மடித்து, ஓரத்தை நீவி, அடுக்கில் வைத்தார்.

“இந்தப் பேப்பரை நான் வெச்சுக்கவா? எங்க வூட்டுக்காரருகிட்ட காட்டணும்.”

“உங்களுக்குத்தான்.”

படியேறி ஒரு குடும்பம் வந்தது. பரமேஸ்வரி தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் இருந்த பர்ஸில் செருகினார். என்னைத் தாண்டி அவர்களைப் பார்த்து, “வாங்க வாங்க, என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?” என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

முடிவு வந்தபோது அவர் எண் பட்டியலில் இல்லை. பலமுறை பார்த்தேன்.

8. புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் சென்டருக்கு அதற்குப் பிறகு தேர்வு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு வேலைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேரை நிறுத்திவிட்டார் மணிவண்ணன் சார். என்னை நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எதுவும் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பெட்டிக்குள் எத்தனை மெஷின் வேண்டுமானாலும் ஓட்டலாம். நீங்கள் என்னைவிட நன்றாகவே ஓட்டுவீர்கள். ஆனால் உங்கள் திரையில் அவை ஒரே மாதிரி முப்பது வரிகளாகத்தான் தெரியும். எந்த வரிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், இதுவரை என்ன செய்துவைத்திருக்கிறார் என்று அது காட்டாது. அதை எழுந்து போய்த்தான் கேட்க வேண்டும். கூச்சமாக இருந்தாலும் எழுந்து போங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே, படிவத்தை எடுத்து வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று சொன்னால் ஒரு திட்டோடு போகும். இரண்டு வாரம் கழித்துச் சொன்ன உண்மை, பரமேஸ்வரிக்கு அவர் கை தொடவில்லை என்பதை மட்டும்தான் கொடுத்தது. வேலையைக் கொடுக்கவில்லை.

இப்போது என் மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பகலில் ஒரு மெஷினைக் கழுவுவதற்கு முன் அதில் எழுத வேண்டும். நேரம், சீட்டு எண், கழுவுகிறவர் பெயர், உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாயிற்றா என்று நான்கு கட்டம். நானும் எழுதுகிறேன், என் லீவு நாளில் பார்த்துக்கொள்ள வருகிறவரும் எழுதுகிறார்.

நோட்டு வாங்கிய அன்றே முதல் வரியை நிரப்பிவிட்டேன். பதினொன்று பதினாறு. பதினேழு. ஸ்டெல்லா. நான்காவது கட்டத்தில், இல்லை.